வள்ளத்தில் கத்தரி

முழங்கால் மடங்காத மனைவி றோசலின் நின்றபடியே தோட்டம் செய்யட்டும் என்று, எமிலியாம்பிள்ளை தன் பழைய மீன்பிடி வள்ளத்தைச் சீமெந்துக் கற்களின் மேல் இடுப்பளவு உயரத்தில் ஏற்றிச் செம்மண் நிரப்பியிருந்தார். மூன்று நாள் மழை இன்று காலைதான் விட்டிருக்கிறது. மண்ணின் மேல் தேங்கிய தண்ணீரில் குருநகர் வானம் வெளிறிக் கிடக்கிறது. றோசலின் ஒரு கத்தரிக்கன்றைப் பிடித்து இழுக்கிறாள். வேர் அழுகிய நாற்றத்தோடு அது கையோடு வந்துவிடுகிறது. "அடியிலை ஓட்டை போடச் சொன்னனானெல்லே?" என்கிறாள். "ஓம்... மனம் வரேல்லையப்பா." கடலுக்குப் போன முப்பது வருஷமும் அந்த வள்ளத்தில் ஊசிமுனைக் கசிவையும் தேடித்தேடி அடைத்த கை அவருடையது. அவள் செத்த கன்றுகளை விளிம்பில் அடுக்குகிறாள். அவர் உளியோடு வள்ளத்தின் கீழே படுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிக்கிறார். பழுப்புத் தண்ணீர் முகத்தில் பீறிடுகிறது. அவரை அறியாமலே உள்ளங்கை போய் அந்த ஓட்டையைப் பொத்துகிறது.