யார் வீட்டு ஓட்டை?

“இந்த ஓட்டை எங்க வீட்டுச் சரக்கே இல்லை” என்றாள் நாத்தனார். இதய ஸ்கேன் அறைக்குள் இன்னும் ஒரு காலைக்கூட வைக்கவில்லை. அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. இதைச் சொல்வதற்கென்றே தன் வீட்டிலிருந்து கிளம்பி வந்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பரிசோதித்த டாக்டர், பாப்பாவின் நெஞ்சில் ஏதோ இரைச்சல் கேட்கிறது, ஓட்டையாக இருக்கலாம் என்று சொன்ன நாளிலிருந்து குழந்தையின் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாத்தனாருக்கு வாய் ஓயவில்லை.

“உங்க சித்தப்பா படியில சுருண்டு விழுந்தாரே, அந்த ரத்தம்தான் இது. எங்க பக்கம் எல்லாருக்கும் இரும்பு நெஞ்சு. என்னடா தம்பி?”

தம்பி, அதாவது குழந்தையின் அப்பா, தலையை ஆட்டினான். கல்யாணத்துக்குப் பிறகும் அவன் விடாமல் செய்துவரும் வேலை அது ஒன்றுதான்.

உள்ளே, ஸ்கேன் எடுக்கும் பெண் குழாயிலிருந்து பசையைப் பிதுக்கியதுமே பாப்பா வீறிட்டது.

“சரி, சரி, அழாதே. முதல்ல அப்பாவுக்கு வைப்போமா? அப்பா அழறாரான்னு பாரு.” பயந்த பிள்ளைகளுக்கு அங்கே இதுதான் வழக்கம்.

தம்பி சட்டையைக் கழற்றிப் படுத்தான். “நல்லாப் பாருடி பாப்பா, இதுதான் நம்ம வம்சத்து நெஞ்சு” என்றாள் அக்கா, பரிசுப் பொருளைப் பிரித்துக் காட்டுகிறவள் போல.

ஜில்லென்ற பசை பட்டு அப்பா நெளிய, பாப்பா சிரித்தது. ஸ்கேன் எடுக்கும் பெண்ணும் சிரித்தாள். பிறகு குழந்தைகளுக்கான சின்னக் கருவியை வைத்துவிட்டுப் பெரியவர்களுக்கானதை எடுத்தாள்.

“மாடி ஏறினா மூச்சு வாங்குமா சார்?”

“உட்கார்ந்தே பார்க்கிற வேலை. கொஞ்சம் சதை போட்டிருக்கு, அதான்.”

“சும்மா கேட்டேன்” என்றபடி ஏதோ பொத்தான்களை அழுத்தினாள்.

அடுத்து பாப்பா படுத்தது. டிவியில் ஓடிய பொம்மைப் படத்தில் கண்ணை வைத்து அசையாமல் கிடந்தது. அம்மா அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாத கறுப்பு வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்தார். படங்களை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார்.

“ஓட்டை இருக்கு. சின்னதில்லை...”

அம்மாவின் கை பாதத்தை இறுக்கியது. நாத்தனாருக்கு அவ்வளவு போதும். டாக்டரை முடிக்க விடவில்லை.

“நான் சொல்லலை? இந்தா பாரு, தெளிவாச் சொல்லிடறேன். கோளாறு யார் பக்கமோ, அவங்களே வச்சுப் பார்த்துக்கட்டும். நாளைக்கே பிள்ளையைத் தூக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பு. நோயாளியைச் சீராட்டணும்னு என் தம்பிக்கு என்ன தலையெழுத்தா?”

“குழந்தைக்கு ஒண்ணுமில்லைம்மா” என்றார் டாக்டர். “சில பிள்ளைங்களுக்கு அந்தச் சத்தம் சும்மாவே கேட்கும். நான் சொன்னது அப்பாவோட படத்தை. ஓட்டை அவருக்குத்தான், பிறவியிலேர்ந்தே.”

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த தம்பி பாதியில் நிறுத்தி அக்காவைப் பார்த்தான். அக்கா சுவரைப் பார்த்தாள்.

அம்மா பாப்பாவின் நெஞ்சிலிருந்த பசையை மெதுவாகத் துடைத்தாள். சட்டையை மாட்டி, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அப்ப இவரை எப்ப கூட்டிட்டுப் போறீங்க, அண்ணி?”