எர்லுவனின் பேரன்

கடைசிச் சாட்சியும் தொலைந்தான் என்று நினைத்துத்தான் செர்லோ கத்தியை உருவித் துடைத்தான். ஆனால் மாவு மூட்டைகளுக்கு நடுவே விழுந்து கிடந்த ஆலைக்காரன் ஜில்பருக்கு இன்னும் உயிர் இருந்தது.

"இன்னும் ஒருத்தர் இருக்காரு, பிரபு" என்றான். வாயில் ரத்தம் வழிய, செர்லோவின் கன்னத்துத் தழும்பையே பார்த்துக்கொண்டு சிரித்தான்.

"யாருடா அது?" என்று செர்லோ அவன் கழுத்தைப் பிடித்து உலுக்கினான். கொஞ்சம் அதிகமாகவே நெரித்துவிட்டான் போலிருக்கிறது. பெயரைச் சொல்லும் முன்பே ஜில்பரின் உயிர் போய்விட்டது.

பாவிப் பயல், சாகிற நேரத்திலும் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறானே என்று திட்டிக்கொண்டே உடலை மதகுக்குள் தள்ளினான்.

செர்லோவின் தாத்தா எர்லுவன் போன குளிர்காலத்தில்தான் செத்துப்போனார். வால்ப்ரே பள்ளத்தாக்கை, ஆலை, காடு, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றோடும் அவர் எப்போதோ கன்னியர் மடத்துக்குத் தானம் கொடுத்துவிட்டதாக மடத்துத் தலைவி அவிசா சொன்னாள். அப்போது ஐந்து பேர் சாட்சியாகக் கூட நின்றார்களாம். அதில் மூன்று பேர் வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதி இரண்டு பேரை இந்த வாரம் செர்லோ அனுப்பிவைத்தான். சாசனமும் போன மாதம் மடத்தில் பிடித்த தீயில் சாம்பலாகிவிட்டது. அந்தத் தீயை வைத்தவனும் அவன்தான்.

இனி பாக்கி ஒரே ஒரு ஆள். அது யார் என்பதுதான் தெரியவில்லை.

மாதா கோயில் வாசலில், ஓக் மரத்தடியில் நில வழக்குகளைக் கேட்க நடுவர் உட்கார்ந்திருந்தார். பேரன் என்ற உரிமையில் பள்ளத்தாக்கைக் கேட்டுச் செர்லோ போனபோது வேறு யாரோ இரண்டு குடியானவர்களின் வயல் கைமாறி முடிந்திருந்தது. கன்னம் சிவந்த ஒரு பொடியன் தேம்பிக்கொண்டே ஆப்பிளைக் கடித்தபடி போனான். பிள்ளைகளைப் போட்டு அடிப்பதை இந்த நார்மண்டிக்காரர்கள் இன்னும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டு, கூட்டத்தில் ஒவ்வொரு கிழட்டு முகமாகத் துழாவினான் செர்லோ.

"ஆறு வயசுல அம்மாவோட தெற்கே அப்புலியா தேசத்துக்குப் போனவன், இருபத்தாறு வருஷம் கழிச்சு வந்து நிக்கறே" என்றார் நடுவர். "நீ எர்லுவனோட பேரன்தாங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

செர்லோ நெஞ்சை நிமிர்த்தினான். கப்பலில் வந்து இறங்கிய தோர்ஃப் என்ற மூதாதையில் ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் அவரவர் நிலத்தோடு ஒப்பித்தான். மகன் கோடரியால் பிடித்த காடு, பேரன் சொந்த மாமனைக் குத்திப்போட்டு எடுத்த கோட்டை, ஒரு மருமகள் சீதனமாகக் கொண்டுவந்த உப்பளம். ரத்தம் சிந்தாமல் வந்த சொத்து அந்த உப்பளம் மட்டும்தான்.

அவிசாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "இதையெல்லாம் ஒரு கூத்தாடிகூட ரெண்டு நாள்ல மனப்பாடம் பண்ணிடுவான்" என்றாள் அமைதியாக. "பேரனுக்கு மட்டுமே தெரிஞ்சது ஏதாவது உண்டா?"

செர்லோவுக்குச் சுருக்கென்றது. கன்னத்தைத் திருப்பித் தழும்பைக் காட்டினான்.

"இது என் தாத்தா மோதிரம் கிழிச்சது. நான் ஒரு தப்பும் பண்ணல. சும்மா நின்னுட்டிருந்தேன். ஓங்கி ஒரு அறை விட்டாரு, தண்ணியில போய் விழுந்தேன்." இத்தனை பேரைக் கொன்றவனுக்கு அந்த ஒரு அறை இன்னும் ஆறவில்லை.

"எந்த இடத்துல?" என்று கேட்டாள் அவிசா.

"ஆலை மதகுகிட்ட. கத்தியால ஒரு புல்கட்டிய மண்ணோட வெட்டி ஒரு பொம்பள கையில குடுத்தாரு. அந்தச் சேத்துக் கையோட திரும்பி என்னை அறைஞ்சாரு. அப்புறம் அவரே கண்ணைத் துடைச்சுவிட்டு, தின்ன ஒரு தேன் அடையும் குடுத்தாரு. பைத்தியக்காரக் கிழவன்."

நடுவர் புனிதரின் எலும்பு வைத்த பெட்டியை அவன் முன்னால் நகர்த்தி வைத்தார். சொன்னது அத்தனையும் உண்மை என்று செர்லோ அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

"எனக்குச் சந்தேகமே இல்ல, ஐயா. இவர் எர்லுவனோட பேரன்தான்" என்றாள் அவிசா.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று செர்லோ எதிர்பார்க்கவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். யாரும் வாழ்த்தவில்லை. கிழவர்கள் சிலர் ஏதோ ஞாபகத்தில் தங்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

நடுவர் அவிசா பக்கம் திரும்பினார். "தானத்தைப் பார்த்தவங்க, மடத்தைச் சேராதவங்க யாராவது உசிரோட இருக்காங்களா, தாயே?"

"ஒருத்தர் இருக்கார்."

செர்லோவின் கை தானாகக் கத்திப்பிடிக்குப் போனது. கூட்டத்தோடு கூட்டமாக அங்கேயே, அப்போதே அந்த ஆளைக் குத்திப்போடவும் அவன் தயாராக இருந்தான்.

அவிசா அவன் கிட்டே வந்தாள். "அன்னிக்கு நிலத்துக்கு அடையாளமா அந்தப் புல்கட்டிய வாங்கினது நான்தான். நிலம் கைமாறும்போது ஒரு பிள்ளைய அறையறது எங்க ஊர் வழக்கம், உசிரு இருக்கற வரைக்கும் அந்த நாள் மறக்கக் கூடாதுன்னு."

அவள் கை அவன் தழும்பைத் தொட்டது.

"கடைசிச் சாட்சி நீங்கதான், பிரபு."