பாட்டுப் பெட்டியின் மறுபாதி

“பாதி இடத்தைக் காணோம் அண்ட்டி,” என்றாள் பக்கத்து வீட்டுப் புனிதா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காணாமல் போனது என் வீட்டுக்காரரின் பாட்டுப் பெட்டியில் பாதி.

உள்ளங்கையில் அடங்குகிற பெட்டிதான். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பி வாங்கிக் கொடுத்தது. ஆயிரம் பாட்டு பிடிக்கும் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற பாட்டு சிடியைப் புனிதாவின் கம்ப்யூட்டரில் போட்டு இதற்குள் ஏற்றிவிடலாம். இப்போது ஐந்நூறு பாட்டுக்கே நிறைந்துவிட்டது என்கிறாள்.

ஆசைக்கு வாங்கிய சாமான் இல்லை அது. அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் மெர்லிமாவிலிருந்து காலை பஸ் பிடித்து மலாக்கா டவுனுக்குப் போய், ரத்தம் சுத்தம் பண்ணும் மெஷினோடு நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். முதல் மாதம் ஊசியைப் பார்த்தாலே நடுங்குவார். “போதும் வேணி, என்னை விட்டுடு,” என்று ஒரு நாள் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். காதில் பாட்டை மாட்டிய பிறகுதான் அசையாமல் படுக்கிறார். பாட்டு குறைந்தால் மறுபடி எழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

பெட்டியை டயாலிசிஸ் நிலையத்து லாக்கரிலேயே வைத்துவிட்டு வருவார். பஸ்ஸில் விழுந்து உடையும் என்பார். புதுப் பாட்டு ஏற்ற வேண்டுமென்று நான்தான் அன்றைக்குப் பிடிவாதமாக எடுத்து வந்தேன்.

புனிதா ஆயர் குரோ காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். யாரோ உள்ளே இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்றாள். ஒரு பாதி விண்டோஸ் இருக்கும் நம்முடைய கம்ப்யூட்டருக்கு. மறுபாதி மேக்கிண்டோஷ் என்று வேறு ஒரு வகை இருக்கிறதாம், அதில்தான் தெரியுமாம்.

“அதை யாரு வச்சிருப்பா?”

“வீட்டுல யாரும் வச்சிருக்க மாட்டாங்க லா. கல்யாணக் கார்டு அடிக்கிற கடையில இருக்கும்.”

எனக்கு விளங்கிவிட்டது. ஷெர்லீன்.

அந்தோணிராஜ் என்று ஒருவர் அதே நிலையத்துக்குச் சாயங்கால நேரத்தில் வருகிறவர். அவர் மகள் ஷெர்லீனுக்கு டவுனில் கார்டு அடிக்கிற கடையில் வேலை. ஒரு நாள் அவள் இந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அந்தக் கடைக்குப் போனேன். அவரிடம் மூச்சு விடவில்லை.

ஷெர்லீன் மறைக்கவில்லை. “அப்பாவுக்குப் பாட்டு போட்டிருக்கேன் அண்ட்டி. எனக்குக் கிடைக்கிறது இந்தக் கடை மேக்கிண்டோஷ்தான், அதனால பிரிக்க வேண்டியதாப் போச்சு. காலையில அங்கிள் கேட்டுட்டு லாக்கர் சாவியை நர்ஸ்கிட்ட குடுத்துடுவாரு. சாயங்காலம் அப்பா கேப்பாரு.”

“சீக்காளி மனுஷன், இல்லைன்னு சொல்ல வராது. கேட்டு வாங்கிட்டீங்களாக்கும்.”

“நாங்க கேக்கல அண்ட்டி.”

“ஒங்கப்பாவுக்கு வேணும்னா ஒரு ரேடியோ வாங்கிக் குடு.”

கடையில் கார்டு பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள், ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு பக்கப் பாட்டும் அழிந்துவிடும், எல்லாவற்றையும் முதலில் தன் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டு அங்கிள் பாட்டைத் திரும்ப ஏற்றித் தருகிறேன் என்று. மத்தியானம் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வாளோ என்ற சந்தேகம்தான். வேலை முடிந்ததும் பெட்டியைத் துடைத்துக் கொடுத்தாள். “பஸ்ஸுக்கு நேரம் இருக்கா அண்ட்டி?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் காலை, மெஷின் ஓடத் தொடங்கியதும் பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“அந்தோணி அண்ணனோட மாதா பாட்டெல்லாம் எங்க?”

நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் ஹெட்போனைக் கழற்றி வயிற்றின் மேல் வைத்தார்.

“நமக்கு இங்க மொதல்ல எந்த நேரம் குடுத்தாங்க தெரியுமா?”

“காலைதானே.”

“சாயங்காலம். முடிய பத்து மணி ஆயிடும். மெர்லிமாவுக்குக் கடைசி பஸ் போயிருக்கும். பேரு பதிய வந்த அன்னைக்கு, வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போயிட்டேன் வேணி. காலையில வந்துக்கிட்டிருந்தவர் அந்தோணி அண்ணன்தான். தனக்கு வீடு டவுன்லயே இருக்கு, எடத்தை மாத்திக் குடுங்கன்னு நர்ஸ்கிட்ட அவராவே போய்ச் சொன்னாரு. தெரிஞ்சா எல்லாரும் மாத்தச் சொல்லி வருவாங்க, வெளியில சொல்லாதீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. அதான் ஒங்கிட்டயும் சொல்லல.”

மெஷின் நிற்கும் வரை அவர் படுத்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அன்று பாட்டுக் கேட்கவில்லை. ஆனால் அசையாமல்தான் படுத்திருந்தார்.

எல்லாம் முடிந்ததும் அவரைப் பஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு, பெட்டியோடு கடைக்கு ஓடினேன். ஷெர்லீன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். வருகிற வழியெல்லாம் மன்னிப்பு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன்; ஆனால் பெட்டியைத்தான் அவள் மேசை மேல் வைத்தேன்.

“ஒங்கப்பா அஞ்சு மணிக்கு வந்துடுவாரு, அதுக்குள்ள மறுபடியும் ரெண்டாப் பிரிச்சிடும்மா,” என்றேன். “இந்தத் தடவ அவரு பங்கைப் பெருசா வை.”