ஒன்பதாம் நம்பர் செருப்பு

இந்த ஊருக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. கழிமுகத் தண்ணீரில் தினமும் உப்பின் அளவைக் குறிப்பது என் வேலை. வரும்போதே ஒன்பதாம் நம்பரில் ஆண்கள் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்து வாசற்படியில் விட்டேன். கேட்பவர்களிடம், "அண்ணன் உள்ளே தூங்குறான்" என்பேன். அண்ணன் உள்ளே இருக்கும் வீட்டை வெளியே பூட்ட முடியாது. அதனால் கதவைச் சாத்திவிட்டு மட்டும் போவேன். "கும்பகர்ணனுக்குத் தங்கச்சியா நீ?" என்று மீன் விற்கும் ஜெசிந்தா அக்கா தினமும் சிரிப்பாள். இன்று காலை தண்ணீர் எடுத்துத் திரும்பியபோது அவள் வாசலில் கூடையை இறக்கி வைத்திருந்தாள். "ஒருவழியா உங்க அண்ணனப் பாத்துட்டேன் புள்ள. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. ஒன்னவிடக் கூச்சம் போல."

"எங்க பாத்தீங்க?"

"இப்பதான் கழியில கால் கழுவிட்டு உள்ள போனாரு."

செருப்பைப் பார்த்தேன். இரண்டும் நனைந்திருந்தன. இடது செருப்பில் ஐந்து விரல்களும் சேறாகப் பதிந்திருந்தன. உள்ளே மின்விசிறி சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது. கூடையைத் தூக்கப்போன அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, எனக்கு அண்ணனே கிடையாது."