விரலுக்கு ஏறும் மரை

இஞ்சிக் காரம் கலந்த மட்டாஞ்சேரி வெயில் பட்டறை மேஜைமேல் விழுகிறது. அங்கே, நேற்று பட்டறைக்காரி செல்வலட்சுமி நட்டு ஏறுவதற்கு மரை வெட்டிக் கொடுத்த இரும்புக் குழாயைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார் பிளம்பர் சேவியர். "லேத் இல்லாம கையால வெட்டினா மரை நேரா வருமோ சேச்சி? நட்டு பாதியில நின்னுபோச்சு." முனையில் முதல் இரண்டு மரையும் நசுங்கிக் கிடக்கின்றன. நட்டை விரலால் ஏற்றிப் பார்க்காமல் எடுத்த எடுப்பிலேயே ஸ்பானரால் திருகிவிட்டு, பழியை அவள் கைமேல் போடுகிறார் மனுஷன். அவளுக்குக் காது மடல் சுடுகிறது. புதுக் குழாயை மேஜை ஓரத்து வைஸில் இறுக்குகிறாள். முனையை அரத்தால் சரித்து, மரை வெட்டும் டையைப் பொருத்தி, கோணாமல் இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்கிறாள். தேங்காயெண்ணெய் சொட்டச் சொட்ட, முன்னே அரைச்சுற்று, பின்னே கால்சுற்று என்று கைப்பிடி திரும்புகிறது. இரும்புச் சுருள்கள் மினுங்கிக்கொண்டு உதிர்கின்றன. துடைத்துவிட்டு, நட்டை வைத்து முதலில் பின்பக்கமாகச் சுற்றுகிறாள். 'டக்'கென்று அது மரையில் உட்காரும் சத்தம் அவருக்கும் கேட்கிறது. பிறகு ஒற்றை விரலால் தள்ள, நட்டு கடைசி மரைவரை ஓடி நிற்கிறது. சேவியர் குழாய்க்குக் கை நீட்டுகிறார். அவருடைய இன்னொரு கையிலிருக்கும் ஸ்பானரை உருவி, தன் மேஜை டிராயருக்குள் போட்டு மூடுகிறாள் செல்வலட்சுமி. "குழாயைக் கொண்டுபோங்க சேட்டா. நட்டை விரலால ஏத்தினப்புறம் வந்து இதை வாங்கிக்கோங்க."