ஒரு சீட் சதக்கா

"யாராவது சீட்டை விட்டுக் கொடுத்தாத்தான் இவருக்கு இடம்" என்று விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் கையை விரித்துவிட்டாள்.

வெல்டர் அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை அவர் மகளுக்குக் கல்யாணம். அடுத்த விமானமோ மறுநாள் மாலைதான்.

பக்கத்தில் நின்ற அத்தர் வியாபாரிக்குப் பொறுக்கவில்லை. பல ஊர்த் தண்ணீர் குடித்தவர். காத்திருப்போர் கூடத்தின் நடுவில் நின்று குரல் கொடுத்தார்.

"பொண்ணைப் பெத்த மனுஷனுக்கு ஒரே ஒரு சீட். சதக்காவா நினைச்சுக் குடுங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கூடமே நிமிர்ந்தது.

"எங்க மலாய்ல செடெக்கா" என்றாள் ஒரு நர்ஸ்.

"துருக்கியில சடக்கா" என்றார் லாரி டிரைவர். சுவாஹிலி பேசும் சமையல்காரர், "எங்க பாஷையிலயும் அதேதான்" என்று ஓடிவந்து கையைக் குலுக்கினார்.

தானதர்மத்தைக் குறிக்க அரபியில் பிறந்த ஒரு சொல்லுக்கு இத்தனை வீடுகளா என்று வியாபாரிக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்போ சீட் யார் தர்றீங்க?"

நர்ஸுக்குக் காலையில் டூட்டி. டிரைவருக்கு லோடு காத்திருந்தது. சமையல்காரர் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"நீங்களே குடுக்கலாமேண்ணே?" என்றாள் நர்ஸ்.

"சரக்கு கையோட வருதும்மா. இல்லேன்னா குடுக்காம இருப்பேனா?"

மூலையில் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருந்தவர் எரிச்சலோடு எழுந்தார்.

"என்னங்க இது, சந்தைக்கடையா? ஒரு மனுஷன் கண்ணை மூட வேண்டாமா?"

விறுவிறுவென்று கவுண்டருக்குப் போனார். ஏதோ சொன்னார். திரும்பி வந்து மறுபடியும் துண்டை இழுத்துக்கொண்டார்.

"போட்டுக் குடுத்துட்டு வந்துட்டாரு. இதெல்லாம் ஒரு ஜென்மம்" என்று வியாபாரி பல்லைக் கடித்தார்.

நினைத்தபடியே கவுண்டர் பெண் எழுந்து வந்தாள். நேரே வெல்டரிடம் போனாள்.

"ஐயா, பாஸ்போர்ட்டைக் குடுங்க. உங்களுக்கு சீட் கிடைச்சிடுச்சு."

வெல்டர் ஓவென்று அழுதுவிட்டார். கூடம் முழுக்கக் கைதட்டல். நர்ஸுக்கும் கண் கலங்கியது.

"பார்த்தீங்களா, சதக்காவோட மகிமையை" என்று வியாபாரி வெல்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கொடுத்த மகராசன் யார் என்று மட்டும் தெரியவில்லை.

விமானத்துக்கு அழைப்பு வந்தது. மூட்டை முடிச்சோடு எல்லோரும் கிளம்பினார்கள். கடைசியாகப் போன வியாபாரி மூலையைப் பார்த்து நின்றார்.

"ஏங்க, பிளேன் கிளம்பப் போகுது. நீங்க வரலையா?"

"நாளைக்கு வர்றேன்" என்றார் அவர், துண்டை விலக்கி. "ஆமா, அப்போதிலேர்ந்து சதக்கா சதக்கான்னு கத்திட்டிருந்தீங்களே... அப்படின்னா என்ன?"