மைனா எழுதுகிறாள்

கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு அவர் காத்திருந்தார்.

பெட்டி முனகியது. திரை வெளுத்தது. மெசஞ்சர் தானாகத் திறந்து லோகுவின் பெயரில் உள்ளே போனது.

கிறீச்.

கதவு திறக்கிற சத்தம். யார் உள்ளே வந்தாலும் அந்த மெசஞ்சர் அப்படித்தான் சத்தம் போடும்.

சாமி அலமாரிப் பக்கம் தீக்குச்சி உரசியது. இந்தச் சத்தம் கேட்காமல் அவர் மனைவி தெய்வானை விளக்கு ஏற்றுவதில்லை.

பைக்கில் போன மகன் திரும்பி வராத வருடம் தொடங்கிய வழக்கம் அது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம், லோகுவின் போட்டோ ஏதாவது கிடைக்குமா என்று அவனுடைய கம்ப்யூட்டரைப் போட்டார். கதவு கிறீச்சிட்டது. அடுப்படியிலிருந்து தெய்வானை ஓடி வந்தாள்.

"லோகு வந்துட்டானுங்களா?"

அன்றிலிருந்து ஒருநாளும் அவர் பெட்டியைப் போடாமல் விட்டதில்லை. பழுது பார்க்க வந்தவன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றித் தருகிறேன் என்றபோது அவனை வாசலோடு அனுப்பிவிட்டார். லோகுவின் பாஸ்வேர்டு பெட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

லோகு இருந்த காலத்தில் கோபி ஊர் முழுக்க அந்த மெசஞ்சரில்தான் குடியிருந்தது. பக்கத்துத் தெருக்காரனிடம் பேசக்கூட பஸ் ஸ்டாண்ட் பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்றார்கள். லோகுவின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் பச்சைப் பொட்டு எரியும். கதவு ஓயாமல் கிறீச்சிடும். ராத்திரி தூக்கம் கலைந்து, வீடா சத்திரமா என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார்.

அப்புறம் எல்லார் கைக்கும் போன் வந்தது. பொட்டுகள் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின.

யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

மிஞ்சியது ஒரே ஒரு பெயர். மைனா.

யாரென்று தெரியாது. லோகு ஒரு பெண்ணிடம் பேசுகிறான் என்று மட்டும் அப்போதே அரசல் புரசலாகக் காதில் விழுந்திருந்தது. பழைய பேச்சுகளை அவர் திறந்து பார்த்ததில்லை. பிள்ளை பேசியதை அப்பன் படிப்பதா?

லோகு உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மைனா பச்சையாவாள். ஒன்றும் எழுத மாட்டாள். தெய்வானை சாப்பிடக் கூப்பிடும்வரை இரண்டு பொட்டும் எரியும். அவருக்கு அது ஒரு துணையாக இருந்தது.

துணை என்றுதான் நினைத்திருந்தார், திருப்பூரிலிருந்து மருமகன் போனில் அப்படிக் கேட்கிறவரை.

"வாட்ஸ்அப்ல ஆன்லைன்ல இருந்துக்கிட்டே பதில் போட மாட்டேங்கறீங்களே மாமா, கோவமுங்களா?"

அப்படியென்றால் லோகு பெயரில் எரிகிற பொட்டு மைனாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் கண்ணுக்கு, இத்தனை வருடமும் லோகு தினமும் வந்து உட்கார்ந்து, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போயிருக்கிறான்.

என்ன பாவம் செய்துவிட்டேன்.

சொல்லிவிடலாம் என்று அதன் பிறகு தினமும் உட்கார்ந்தார். விரல் வரவில்லை. லோகு உயிரோடு இருப்பது அந்த ஓர் இடத்தில்தான். சொன்னால் அங்கேயும் செத்துப்போவான்.

இன்று வேறு வழியில்லை. இந்த மாலையோடு மெசஞ்சரை மூடுகிறோம் என்று திரையின் மேல் ஓரத்தில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

மைனா பச்சையானாள்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

நான் லோகுவோட அப்பா. லோகு இல்லை அம்மா. இறந்துட்டான். மன்னிச்சுக்கோ.

பதில் வந்தது.

தெரியும்ப்பா. மொத நாளே தெரியும்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

லோகு ஒருநாளும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்ததில்ல. நீங்க தூங்கின பிறகுதான் வருவான்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. திருட்டுப் பயல்.

பின்னே எதுக்கும்மா தினமும் வந்தே?

மைனா எழுதுகிறாள் என்று திரை சொன்னது.

எழுதுகிறாள்.

எழுதிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு பொட்டும் ஒன்றாக அணைந்தன.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் பெட்டியைப் போட்டார். முனகியது. வெளுத்தது. அவ்வளவுதான்.

தெய்வானை சாமி அலமாரி முன்னால் நிற்பது கதவிடுக்கில் தெரிந்தது. கையில் தீப்பெட்டி. கதவு கிறீச்சிடக் காத்திருந்தாள். வீடு இருட்டிக்கொண்டு வந்தது.

அவர் எழுந்தார்.

மூலையில் லோகுவின் பீரோ. அவன் போன பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. சாவி அதிலேயே தொங்கியது. கீலெல்லாம் துருவேறியிருந்தது.

சாவியைத் திருப்பி, கதவை மெதுவாக இழுத்தார்.

கிறீச்.

லோகுவின் சட்டை வாசனை முகத்தில் அடித்தது. கதவைப் பிடித்தபடியே நின்றார்.

அந்தப் பக்கம் தீக்குச்சி உரசியது.